ஆயில் டப்பா சொல்லும் பழைய கதைகள்

நம் வளாகத்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஏழு வயதான ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினார். ஒரே கை வண்டி, ஓடிய தூரமும் குறைவு. வாங்கிய கையோடு எல்லா ஆயிலையும் மாற்றிவிடுவது நல்லது என்று பலரும் சொல்ல, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டார். யோசனை சரியானதுதான். பில்லில் "கியர் ஆயில் – ஏடிஎஃப்" என்று ஒரு வரி இருந்தது. இரண்டாவது வாரம் சிக்னலில் வண்டி கிளம்பும்போதெல்லாம் ஒரு நடுக்கம். கடைசியில் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள்: இது சிவிடி கியர்பாக்ஸ், இதற்குள் ஊற்றியிருப்பது சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கான ஆயில்.

"எல்லாம் ஆயில்தானே சார்? இதில் என்ன அவ்வளவு வித்தியாசம்?" என்று அவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. படிக்கட்டில் நின்றபடி அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பதில் நூறு வருடத்துக்கு மேல் நீள்கிறது. ஆயில் டப்பாவில் உள்ள எண்ணும் எழுத்தும் விளம்பரத்துக்காக வந்தவை அல்ல. பெரும்பாலும் எங்கோ ஓர் இயந்திரம் கெட்டுப்போன பிறகு எழுதப்பட்டவை. அந்தக் கதைகளில் சிலவற்றைச் சொன்னால் பழைய கார் வாங்குகிற நம் குடியிருப்பாளர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

தொடக்கம் நமக்குப் பழக்கமான ஒரு செடியில்தான். 1899இல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் மசகு எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். மோட்டார் கார்களும் விமானங்களும் வந்த காலத்தில் அவர் தம் எண்ணெயில் ஆமணக்கு எண்ணெயைக் கலந்தார். ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் காஸ்டர் என்று பெயர். 1909இல் வந்த காஸ்ட்ரால் என்ற வணிகப் பெயர் அதிலிருந்து பிறந்தது. நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றில் சிலிண்டர்களே சுழலும் ரோட்டரி இன்ஜின்கள் இருந்தன. அவற்றில் பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். பெட்ரோலில் எளிதில் கரையாத ஆமணக்கு எண்ணெய் அங்கே நன்றாக உழைத்தது. எரியாத எண்ணெய் வெளியே தெறித்து விமானியின் மூக்கிலும் வாயிலும் போக, வயிற்றுப்போக்கு அவர்களுடைய தொழில் உபாதை ஆனது. ஆமணக்கு எண்ணெய்க்கு இன்னொரு குறையும் உண்டு. சூட்டில் நாள்பட இருந்தால் பிசினாகிவிடும். தினமும் ஓட வேண்டிய காருக்கு அது ஒத்துவரவில்லை. கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த மினரல் ஆயில் அந்த இடத்தைப் பிடித்தது.

ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் "லேசானது", "நடுத்தரம்", "கெட்டி" என்று தன் விருப்பப்படி எழுதிக்கொண்டிருந்தது. ஒருவரின் நடுத்தரம் இன்னொருவருக்குக் கெட்டி. 1911இல் அமெரிக்க வாகனப் பொறியாளர்களின் சங்கம், அதாவது எஸ்ஏஇ, ஆயிலின் பாகுத்தன்மையை எண்ணாகச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. இன்று நாம் பார்க்கும் 20, 30, 40, 50 எல்லாம் அதன் வழிவந்தவை. எண் கூடினால் ஆயில் கெட்டி. அளப்பது 100 டிகிரி சூட்டில்.

குளிர்நாடுகளில் வேறொரு தொல்லை. சூட்டில் சரியாக இருக்கும் ஆயில் பனிக்காலக் காலையில் தார் மாதிரி இறுகிவிடும், இன்ஜின் சுற்றாது. அதற்காக வந்ததுதான் நடுவில் உள்ள டபிள்யூ என்ற எழுத்து. குளிர்காலம் என்று பொருள். 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியிலும், 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும் இன்ஜினைச் சுற்றவிடும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும் என்று கணக்கு. சூட்டில் ஓர் ஆயில் எவ்வளவு இளகுகிறது என்பதை ஒப்பிட 1929இல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். குறைவாக மாறும் பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 மதிப்பெண், மிகவும் மாறும் மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்குப் பூஜ்யம். பிறகு சூட்டில் விரிந்து ஆயில் மெலிவதைத் தடுக்கும் பாலிமர்களைக் கலந்தார்கள். குளிரில் 20டபிள்யூ, சூட்டில் 50 என்று இரண்டு வேடமும் ஒரே ஆயில் போட முடிந்தது. 1959இல் வந்த பிரிட்டிஷ் மினி காரில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக கியர்பாக்ஸையே இன்ஜின் ஆயில் தொட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் ஒரே ஆயில். கியர் பற்கள் அந்தப் பாலிமர் சங்கிலிகளை நறுக்கித் தள்ள, ஆயில் சீக்கிரமே மெலிந்தது. தரமான 20டபிள்யூ-50 ஆயில்களை உருவாக்கத் தூண்டியவற்றுள் அந்தக் குட்டிக் காரும் ஒன்று.

நம்மூர்க் கதைக்கு வருவோம். உத்தரப்பாராவில் உருவான அம்பாசிடர், சென்னை வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயின் ஃபியட் ஆகிய மூன்றும்தான் பல காலம் நம் சாலைகள். ஐம்பதுகளின் வடிவமைப்பு, இடைவெளி அதிகமான பேரிங்குகள், புழுதி, தேய்ந்தபின் புகைவிடும் இன்ஜின். அவற்றுக்குக் கெட்டியான ஆயில் சரியான மருந்து. கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும், புகை குறையும், ஆயில் அழுத்தமும் கொஞ்சம் ஏறும். நம் மெக்கானிக்குகள் இரண்டு தலைமுறை இதைக் கண்ணால் பார்த்துக் கற்றவர்கள். அறுபதுகளின் இறுதியில் மணலியில் ரிஃபைனரி வந்து மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயும் அங்கேயே தயாரானது. 1972இல் இந்தியன் ஆயில் சர்வோ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. கடையில் போய் "ஆயில்" என்று கேட்டால் 20டபிள்யூ-40 டப்பாவைத் தூக்கிக் கொடுக்கும் வழக்கம் அப்படி ஊன்றியது.

பழக்கம் நின்ற இடத்திலேயே நின்றது, கார் மாறிவிட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பேரிங் இடைவெளிகள் குறுகின, இன்ஜின் வேகம் ஏறியது. பின்னர் வந்த கார்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதே ஆயில் அழுத்தத்தால் நடக்கும் வேலை ஆகிவிட்டது. ஊசித்துளை போன்ற வழிகளில் ஆயில் உடனே போய்ச் சேர வேண்டும். இன்னமும் கடைக்காரர் சொல்வது: "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தண்ணி மாதிரி சார், கெட்டியா போடுங்க."

இந்த வெயில் வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இதை நம்புகிறோம். தண்ணீரால் குளிரும் இன்ஜினில் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு உண்டு. கூலன்ட்டின் சூட்டை ஏறக்குறைய 90 டிகிரி அளவில் வைத்திருப்பது அதன் வேலை. ஆகவே நன்றாகச் சூடேறிய இன்ஜினுக்கு உள்ளே சித்திரை வெயில் சென்னையும் மார்கழி ஊட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். (தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் பழக்கமும் நம்மூரில் இருந்தது, அது தனிக் கதை.) வித்தியாசம் காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில்தான். 40 டிகிரியில்கூட 20டபிள்யூ-50 ஆயில் 5டபிள்யூ-20 ஆயிலைவிட மூன்று மடங்குக்கு மேல் கெட்டி. ஒல்லியான வழிகள் உள்ள இன்ஜினில் அது மேலே ஏறிச் சேரும்வரை உலோகம் உலோகத்தோடு தேய்கிறது.

அதற்காக மெல்லிய ஆயில் எல்லாம் இன்ஜினின் நன்மைக்காகவே வந்தது என்றும் சொல்ல மாட்டேன். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. அந்த அழுத்தத்தில்தான் ஆயில் மெலிந்துகொண்டே வந்தது. இன்று 16, 12, 8 என்றெல்லாம் எண்கள் இருக்கின்றன. சில நிறுவனங்கள் ஒரே இன்ஜினுக்கு நாட்டுக்கு நாடு வேறு எண் சொல்வதும் இதனால்தான். எனவே இணையத்தில் அமெரிக்கர் யாரோ சொன்னதை விட்டுவிட்டு, நம் நாட்டில் அந்தக் காரோடு கொடுத்த கையேட்டைப் பாருங்கள். அதில் இரண்டு மூன்று எண்கள் அனுமதித்திருந்தால், அதிகம் ஓடிய வண்டிக்கு அவற்றுள் கெட்டியானதைத் தேர்ந்துகொள்வதில் தவறில்லை. அந்த வரம்புக்கு வெளியே போகும்போதுதான் ஆபத்து.

எண்ணுக்கு அடுத்தது எழுத்து. பாகுத்தன்மை ஆயிலின் உடல்வாகு மாதிரி. குணத்தைச் சொல்வது அதில் கலந்திருக்கும் ரசாயனங்கள். 1930களில் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டர்களில் பிஸ்டன் ரிங்குகள் கரிப்பிசினில் ஒட்டிக்கொண்டு இன்ஜின்கள் படுத்தன. அதற்கு மருந்தாக வந்தவையே அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ளும் டிடர்ஜென்ட் ஆயில்கள். (ஆயில் மாற்றிய சில நாளில் கறுத்துவிட்டது என்று டீசல் கார்க்காரர்கள் கவலைப்படுவார்கள். கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.) நாற்பதுகளில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்மம் வந்தது, தேய்மானத்தைத் தடுப்பதில் இன்றுவரை அதற்கு இணை குறைவு. ஆனால் எரிந்துபோகும் ஆயிலோடு பாஸ்பரஸ் போய்ப் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு அந்தக் கன்வர்ட்டர் கட்டாயம் ஆனது. உலக அளவில் 2004 வாக்கில் மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டினார்கள். 40, 50 போன்ற கெட்டி வகைகளுக்கு அந்தக் கட்டு இல்லை. பழைய அம்பாசிடரைக் கொஞ்சி வளர்ப்பவர்கள் கெட்டி ஆயிலிலேயே இருப்பது அந்த வகையிலும் நியாயம்.

இந்த வரலாறெல்லாம் சேர்ந்ததுதான் ஏபிஐ எழுத்துகள். 1947இல் "ரெகுலர், பிரீமியம், ஹெவி டியூட்டி" என்று மூன்று பெயரோடு தொடங்கி, பின்னால் பெட்ரோலுக்கு எஸ், டீசலுக்கு சி என்று பிரிந்தது. எஸ்ஏ என்பது எந்த மருந்தும் கலக்காத வெறும் எண்ணெய். அங்கிருந்து நடந்து வந்து 2010இல் எஸ்என், 2020இல் எஸ்பி, 2025இல் எஸ்கியூ. எஸ்பி வந்ததற்குக் காரணம் சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்கள். குறைந்த வேகத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது நேரத்துக்கு முன்பே தீப்பற்றி, பிஸ்டனே உடையும் கோளாறு அவற்றில் வந்தது. ஆயிலில் இருந்த கால்சியம் டிடர்ஜென்ட் அதற்குத் துணைபோனது தெரிந்து கலவையை மாற்றினார்கள். டர்போ பெட்ரோல் கார் பழையதாக வாங்கியவர்கள் எஸ்பிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

டீசலில் ஒரு கோடு தெளிவாகக் கிழிக்கலாம்: 2020 ஏப்ரல் 1. பிஎஸ்6 விதி வந்த நாள். அதற்குப் பின் வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. கரியை அது எரித்துவிடும். ஆயில் எரிந்த சாம்பலை எரிக்க முடியாது. சாம்பல் நாளுக்கு நாள் சேர்ந்து அடைத்துவிடும். ஆகவே சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவில் ஏசிஇஏ சி2, சி3 போன்ற குறிகளைப் பார்க்கலாம். லாரிக்கு வாங்கிய ஆயில் மீதி இருக்கிறதென்று இதில் ஊற்றினால், மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கு வடிகட்டிக்குப் போகும்.

இனி கியர்பாக்ஸ். நண்பரின் கேள்வி இங்கேதான் இருக்கிறது.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை விற்றது. 1949இல் அதற்கான ஆயிலுக்கு டைப் ஏ என்று முதல் தரவரையறை எழுதினார்கள். இந்த ஆயிலின் வேலை விசித்திரமானது. கியர் பற்களை வழுக்க வைக்க வேண்டும். அதே சமயம் உள்ளே உள்ள கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று பிடிக்கவும் வேண்டும். வழுக்கலும் பிடிமானமும் ஒரே திரவத்தில். கிளட்ச் பிடிக்கும் கடைசி நொடியில் வெட்டாமல் மெத்தென்று பிடிப்பதற்குச் சேர்க்கும் பொருளாக ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் மிகவும் பொருந்தியது. ஆம், 1967இல் வந்த டெக்ஸ்ரான் ஆயிலிலும் அதுதான். அமெரிக்கக் கார்களின் கியர் மெத்தென்று விழுவதற்காகக் கடலில் திமிங்கலம் வேட்டையாடப்பட்டது. 1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கலங்களை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது; திமிங்கல எண்ணெய் நின்றது. அவசரமாகச் செய்த மாற்றுக் கலவைகளில் ஒன்று ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரின் பற்றவைப்பை அரிக்க, மறுபடியும் திருத்தம். இதற்கிடையே ஃபோர்டு நிறுவனம் மெத்தென்று பிடிப்பதற்கான அந்தப் பொருள் இல்லாத டைப் எஃப் ஆயிலைத் தன் கியர்பாக்ஸுக்கு வைத்துக்கொண்டது. ஒன்றுக்கான ஆயிலை மற்றதில் ஊற்றினால், ஒரு பக்கம் வெட்டி இழுக்கும், மறுபக்கம் நழுவும். இரண்டுமே சிவப்புச் சாயம் போட்டவை. நிறத்தைப் பார்த்து ஊற்றியவர்கள் அன்றும் ஏமாந்தார்கள்.

சிவிடி இன்னும் வேறு ஜாதி. அதில் கியர் பற்களின் அடுக்கே கிடையாது. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவில் ஒரு பெல்ட். கப்பி விரிந்து சுருங்க விகிதம் மாறுகிறது. 1958இல் நெதர்லாந்தின் டாஃப் காரில் ரப்பர் பெல்ட்டோடு வந்தது. 1987 வாக்கில் எஃகுப் பெல்ட் வந்து பல கார்களுக்குப் பரவியது. எஃகுப் பெல்ட் எஃகுக் கப்பியை, ஆயில் நனைந்த நிலையில், நழுவாமல் பிடிக்க வேண்டும். அதற்கென்றே செய்த ஆயில் அது. சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பிடி கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், நடுங்கும், நாளாவட்டத்தில் பெல்ட்டும் கப்பியும் கீறல் விழும். நண்பருக்கு நடந்தது இதன் முதல் கட்டம்.

ஏஎம்டி என்று விற்பவற்றில் எதிர்த் தவறு நடக்கிறது. 2014இல் மாருதி செலெரியோவோடு நம் நாட்டில் பரவிய இந்த முறை உண்மையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஓர் இயந்திரக் கை செய்கிறது. ஆட்டோமேட்டிக் என்று பெயர் இருப்பதால் ஏடிஎஃப் ஊற்றக் கூடாது. கியர்பாக்ஸுக்கு மேனுவல் கியர் ஆயில், இயந்திரக் கைக்குத் தனித் திரவம்.

சிந்தெடிக் என்றால் எப்போதும் உசத்தி என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2013இல் ஃபோக்ஸ்வாகன் தன் ஏழு கியர் டிஎஸ்ஜி உள்ள சுமார் 16 லட்சம் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் அதில் இருந்த சிந்தெடிக் ஆயில் மின்கோளாறுக்கு வழிவிடக்கூடும் என்று கண்டு, அதை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள்.

மேனுவல் கியர்பாக்ஸ்காரர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு. 1926 வாக்கில் பேக்கார்டு கார்களின் பின் அச்சில் ஹைப்பாய்டு கியர்கள் வந்தன. பற்கள் உருளுவதோடு சறுக்கவும் செய்வதால் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். கந்தகம் கலந்த காட்டமான ஆயில் தேவைப்பட்டது. ஜிஎல்-5 என்பது அந்த மரபு. ஜிஎல்-4இல் அந்த மருந்து மட்டு. ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்களைப் பல ஜிஎல்-5 ஆயில்கள் அரித்துவிடும். கையேட்டில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-4தான்.

நம் பகுதியில் பழைய சந்தையில் நிறையக் கிடைக்கும் ஒரு வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும்: மறைமலைநகரில் செய்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட். 2021 செப்டம்பரில் நிறுவனம் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபின் பலர் வெளிக் கடைகளுக்குப் போகிறார்கள். அதன் 1.0 எக்கோபூஸ்ட் பெட்ரோல் வகையில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுகிறது. பொருந்தாத ஆயிலில் அந்தப் பெல்ட் சிதைந்து, அதன் துணுக்குகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்துவிடும். இந்த இன்ஜினுக்கென்று ஃபோர்டு குறித்தது 5டபிள்யூ-20, டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற அடையாளத்தோடு. அதே எக்கோஸ்போர்ட்டின் வேறு சில வகைகளுக்கு இந்தக் கதை பொருந்தாது. ஆகவே காரின் பெயரை மட்டும் கடையில் சொன்னால் போதாது. ஆர்சி புத்தகத்தைப் பார்த்து ஆண்டையும் இன்ஜினையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய கார் வாங்கும்போது முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்பதற்குச் சாட்சி சர்வீஸ் பில்தான். பில் இல்லையென்றால் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, அடுத்த மாற்றத்தைக் கொஞ்சம் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதில்லை. ஆனால் அழுத்தம் கொடுத்து உள்ளே கழுவுவதைவிட, வடிகிற அளவை வடித்து, அதே அளவு சரியான ஆயிலை ஊற்றி, கொஞ்சம் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை செய்வது பாதுகாப்பு. ஒரே தடவையில் முழுதும் வெளியேறாது. ஊற்றும் முன் டப்பாவைக் கையில் வாங்கிக் கையேட்டோடு ஒப்பிட்டு, பில்லில் முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

நண்பர் கடைசியில் அப்படித்தான் செய்தார். மூன்று முறை வடித்து ஊற்றினார்கள். நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் காலையில் இன்னும் ஒரு சின்ன உதறல் இருக்கிறது; அது ஆயிலால் வந்ததா, முன்பே இருந்ததா என்பது கியர்பாக்ஸைத் திறந்தால்தான் தெரியும் என்கிறார்கள். இப்போதைக்கு அவர் திறக்கவில்லை.